ஒரே எண், முப்பத்தெட்டு முகம்

பெட்ரீசியா தன் நிரலுக்கு வைத்த பெயர் அலாமாட். மலாயில் முகவரி என்று பொருள். பெரிய வேலை ஒன்றுமில்லை. பாஸ்கல் மொழியில் எழுதிய ஏழு சின்னத் துண்டுகள், அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டும் கணினித் திரைக்குள் முழுதாக அடங்க வேண்டும் என்று அவளே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். அடங்காவிட்டால் இரண்டாக உடைப்பாள். இல்லையென்றால் அடங்கும்வரை இழைத்துக்கொண்டே இருப்பாள்.

யாரோ ஒருவர் தன் விவரத்தைத் தன் போக்கில் எழுதிய ஒரு வரியை அலாமாட்டிடம் கொடுத்தால், அது பெயரைத் தனியே, முகவரியைத் தனியே, தொலைபேசி எண்ணைத் தனியே பிரித்துக் கொடுக்கும். ஐந்து இலக்கம் சேர்ந்து வந்தால் அஞ்சல் குறியீடு. ஆறு இலக்கம் வந்தால் தொலைபேசி. 'மேல்பார்வை' என்று வந்தால் அதற்கு அடுத்து வருகிற பெயர் ஆளுடையது இல்லை, கடிதத்தை வாங்கி வைக்கிறவருடையது. எதிலும் சேராத சொற்களை 'மற்றவை' என்று ஓர் ஓரத்தில் தள்ளிவிடும். ஒருமுறை அந்த ஓரத்தில், "நாய் இருக்கு, வெளியே நின்று கூப்பிடவும்" என்று வந்து விழுந்தது. அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பினாங்கில் இயற்பியல் படித்துவிட்டு ஒன்றரை வருடம் ஈப்போவின் சிலிபின் பகுதியில் வீட்டோடு இருந்தவள் அவள். ஆசிரியர் வேலைக்கு இரண்டு நேர்முகம் போனாள். இரண்டிலும் கேள்வி கேட்டவர்களுக்கு அவள் பதில் காதில் விழவில்லை. கடைசியில் ஹியூ லோ சாலையில், மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில், பெரியநாயகத்தின் கணினி நிலையத்தில் சேர்ந்தாள். பெரியநாயகம் முன்பு தட்டச்சு இயந்திரம் விற்றவர். காலம் மாறுகிறது என்று அதையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு கணினியும் ஓர் அச்சு இயந்திரமும் வாங்கிப் போட்டிருந்தார். அந்த இரண்டில் ஒன்றில் பெட்ரீசியா. மற்றதில் இருளாயி. தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, லாரி ஓட்டுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டு ஈப்போவுக்கு வந்தவள். விசையைப் பார்க்காமல் தட்டுவாள், தட்டும்போதே பேசுவாள், பேசும்போதே சிரிப்பாள்.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஆகஸ்டில் அந்த வேலை வந்தது. கமுந்திங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை புதிய பிரிவு திறக்கிறது, பெண்கள் முந்நூறு பேர் வேண்டும். சின்ன அட்டை அச்சிட்டுக் கடைகளிலும் கோவில்களிலும் கொடுத்துவிட்டிருந்தார்கள். அட்டையில் மூன்று புள்ளிக்கோடுகள், ஒரு படம் ஒட்டுவதற்குக் கட்டம். பெயர், முகவரி, தொலைபேசி எழுதி அனுப்பினால் போதும். அடையாள அட்டையை நேர்முகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதன் எண்ணைக் கேட்கவில்லை. வந்து குவிந்த அட்டைகளை ஒரு பெட்டியில் போட்டு, எல்லோருக்கும் நேர்முகக் கடிதம் அச்சிட்டு அனுப்பும் வேலையைப் பெரியநாயகத்திடம் கொடுத்தார்கள்.

"நம்ம பிள்ளை ஒரு புரோகிராம் எழுதியிருக்கு," என்று பெரியநாயகம் தொழிற்சாலையில் ஆளெடுக்கிற அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னார். "எப்படிக் கோணலா எழுதியிருந்தாலும் நேராக்கிடும்."

பெட்ரீசியா கணினித் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

இருளாயி அட்டைகளை எழுதியது எழுதியபடியே அடித்துத் தள்ளினாள். அலாமாட் பிரித்தது. முடிவில் திரையில் மூன்று வரி வந்தது. வந்தவை அறுநூற்றுப் பன்னிரண்டு. மறுபதிவு முப்பத்தேழு. அச்சிட வேண்டியவை ஐந்நூற்று எழுபத்தைந்து.

மறுபதிவைக் கண்டுபிடிக்கிறதுதான் ஏழாவது துண்டு. பெட்ரீசியாவுக்கு அதன்மேல்தான் பெருமை அதிகம். ஒரே ஆள் இரண்டு அட்டை போட்டால் இரண்டு கடிதம் போகக் கூடாது அல்லவா? பெயரை வைத்து இதைப் பிடிக்க முடியாது. நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது அண்ணன் ஒரு மாதிரி எழுதுவான், தம்பி வேறு மாதிரி எழுதுவான். முகவரியும் அப்படித்தான். எண் மட்டும்தான் எழுதுகிற கைக்குத் தக்கபடி மாறாது. ஆகவே தொலைபேசி எண் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று என்று அவள் விதி எழுதினாள். முதலில் வந்த அட்டையை வைத்துக்கொள், மற்றதைத் தள்ளு. எட்டே வரி. சிலிபினில் அவள் தெருவில் எந்த வீட்டுக்கு அதைப் போட்டுப் பார்த்தாலும் சரியாகவே இருந்திருக்கும்.

"முப்பத்தேழு பேர் ரெண்டாந்தரம் போட்டிருக்காங்க சார்," என்றாள்.

"பார்த்தியா, ஆசை," என்றார் பெரியநாயகம். "முப்பத்தேழு தபால்தலை மிச்சம்லா."

கடிதங்கள் போய்விட்டன. நேர்முகம் அடுத்த வாரம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சுங்கை சிப்புட்டில் ஒரு மண்டபத்தில்.

அந்த வாரம் புதன்கிழமை காலை. அட்டைகளைத் தொழிற்சாலைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுபதிவு அட்டைகளை அந்தந்த ஆளின் முதல் அட்டையோடு சேர்த்துக் குத்திக் கொடுத்தால் பார்க்கிறவர்களுக்குச் சுலபமாக இருக்குமே என்று பெட்ரீசியா நினைத்தாள். யாரும் கேட்கவில்லை. அவளுக்கு அப்படி ஒரு பழக்கம். பெயரை அவள்தான் நம்புவதில்லையே, பட்டியலில் இருந்த வரிசை எண்ணை மட்டும் பார்த்துப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ஆச்சரியமாக, முப்பத்தேழும் ஒரே ஆளின் மறுபதிவாக இருந்தன. பாப்பா, தந்தை பெயர் பத்துமலை, ஹெதர்லீ தோட்டம். எல்லாம் ஒரே கையெழுத்து. எல்லாம் மேல்பார்வை ஆ லெக் சாமான் கடை, ஒன்பதாவது மைல். எல்லாம் ஒரே எண்.

ஒரே பெண் முப்பத்தெட்டு அட்டை எழுதியிருக்கிறாள். என்ன பொறுமை என்று வியந்தபடி அட்டைகளை அடுக்கித் தட்டி, குத்தும் கருவியைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் படங்களைப் பார்த்தாள்.

மேலே இருந்தது ஒல்லியான, ரிப்பன் கட்டிய பெண். அதற்கு அடுத்தது அகலமான முகம், மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. அடுத்தது கண்ணை மூடியிருந்தது. அடுத்தது முப்பது தாண்டிய முகம், புகைப்படக்காரரிடம் ஏதோ சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததுபோல. பெட்ரீசியா அட்டைகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள். மேசை போதவில்லை. தரையில் பரப்பினாள். முப்பத்தெட்டு முகம். ஒன்றுபோல் ஒன்று இல்லை, பெயரும் அப்படியே.

ஓர் அட்டையின் பின்பக்கம் அதே கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. "மங்களம், சன்னாசி மகள். நல்ல கண் பார்வை. ஊசியில் ஒரே தடவையில் நூல் கோர்ப்பாள்."

குத்தும் கருவியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன்."

இருளாயி எழுந்து வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏன், எல்லாம் லட்சணமாத்தானே இருக்குதுங்க. இந்தப் பிள்ளை மட்டும் கண்ணை மூடிருச்சு, பாவம்."

"எல்லாம் வேற வேற ஆளு, அக்கா."

"வேற வேற ஆளுதான். பின்ன?"

"ஒரே நம்பர் போட்டிருக்காங்களே."

"கடை நம்பர்லா அது! தோட்டத்துல யாரு வீட்டுல போன் இருக்கு? என் கல்யாணப் பத்திரிகையிலயே முடிவெட்டற கடை நம்பரத்தான் போட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுல கூப்பிட்டா பாதிச் சவரத்துல விட்டுட்டு ஓடியாந்து சொல்லுவாரு அந்த அண்ணன்."

"மேல்பார்வைகூட ஒரே கடை..."

"தோட்டத்து ஆபீஸ மூடிட்டா தபால் எங்க வரும்? கடைக்குத்தான் வரும். தோட்டத்த துண்டு துண்டா வித்துட்டாங்க, கணக்கெழுதற கிராணி போயிட்டாரு. கடைக்காரன் எங்கயும் போகமாட்டான்."

"அடிக்கறப்ப இதையெல்லாம் என்கிட்ட சொல்லியிருக்கலாமே, அக்கா."

"நீ கேட்டிருக்கலாமே," என்றாள் இருளாயி. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஏன், என்னாச்சு?"

பெட்ரீசியா சொன்னாள். இருளாயி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருந்ததே பெட்ரீசியாவுக்குப் பெரிய பயமாக இருந்தது.

பெரியநாயகம் பசியாறிவிட்டு ஒன்பதரைக்கு வந்தார். தரையில் பரப்பியிருந்த முகங்களைத் தாண்டித் தாண்டி நாற்காலிக்குப் போனார். விஷயத்தைக் கேட்டார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பத்தேழு பேருக்குக் கடுதாசி போகல."

"ஆமா சார்."

"சனிக்கிழமை நேர்முகம்."

"ஆமா சார்."

"இந்த வேலை சரியா முடிஞ்சா அடுத்து சித்தியவான், தெலுக் இந்தான் வேலையெல்லாம் நமக்குத்தான்னு சொல்லியிருக்காங்க. தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். அவர் சற்று நேரம் கூரை விசிறியைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தட்டச்சு இயந்திரம் விற்றபோது எந்தப் பழுதுக்கும் ஒரு காரணம் சொல்லிப் பழகியவர்.

"தபால்ல தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடலாம்லா. தபால்காரன் என்ன சண்டைக்கா வரப்போறான்? புதுசா அச்சடிச்சுக் குடுத்துடலாம். தொழிற்சாலை அம்மாகிட்ட நான் பேசறேன்."

பேசினார். தொழிற்சாலை அம்மாவின் பெயர் கெர்ட்ரூட். அவர் பேசுவது தொலைபேசிக்கு வெளியேயும் கேட்டது. "அறுநூத்திப் பன்னிரண்டு நாற்காலி சொல்லி வச்சிருக்கேன் மிஸ்டர் பெரியநாயகம். எனக்கு நாற்காலியில ஆள் வேணும். ஆனா கடுதாசி இல்லாதவங்கள காவலர் உள்ள விடமாட்டாரு, அதப் பார்த்துக்குங்க."

"முடிஞ்சுது," என்று தொலைபேசியை வைத்தார் பெரியநாயகம். "இப்ப அந்தக் கடைக்குக் கூப்பிட்டுச் சொல்லணும். நீயே கூப்பிடு. உன் அலாமாட் பண்ண வேலை."

பெட்ரீசியா பேச வேண்டியதை முதலில் ஒரு தாளில் எழுதினாள். எண்ணைச் சுழற்றினாள். நெடுநேரம் மணி அடித்தது.

"ஹலோ, ஆ லெக் கடை!" தோட்டத்துத் தமிழ், சீனக் குரல்.

"நான் ஈப்போலேருந்து பேசறேன். ஹெதர்லீ தோட்டத்து ஆளுங்களோட பேசணும்."

"எந்த ஆளு?"

"முப்பத்தேழு பேர்."

பின்னால் யாரோ மீன் டப்பா கேட்டார்கள்.

"தங்கச்சி, இது சாமான் கடைலா. ஸ்டேடியம் இல்ல."

தாளில் எழுதியிருந்தது எதுவும் அதற்குப் பதிலாகப் பொருந்தவில்லை. அவள் தாளைக் கவிழ்த்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். கமுந்திங் வேலை என்றதும் ஆ லெக், "இரு, இரு," என்றார். பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. "பேரச் சொல்லு. ஒவ்வொண்ணா."

சொன்னாள். அவர் எழுதிக்கொண்டே பதில் சொன்னார்.

"நல்லம்மாள், இராமசாமி மகள்."

"ஆத்தோரம் லைன் வீடு. சரி."

"கருப்பம்மாள், உடையப்பன் மகள்."

"ரெண்டு உடையப்பன் இருக்கான். ஒல்லியா, தொந்தியா?"

"தெரியலையே. மக மூக்குல ரெண்டு மூக்குத்தி."

"தொந்தி. சரி."

"ராக்காயி."

"அய்யோ," என்றார் ஆ லெக். எழுதிக்கொண்டார்.

முப்பத்தேழு பெயரும் முடியக் கால் மணி நேரமாயிற்று. ஓர் ஆளையும் அவர் இன்னோர் ஆளோடு குழப்பிக்கொள்ளவில்லை. அவருக்கு எல்லோருடைய எண்ணும் ஒன்றுதான், அவருடையது. அதனால் எண்ணை வைத்து யாரையும் அடையாளம் காண அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

"தபால்ல போட்டுறாத," என்றார். "தபால்காரன் செவ்வாய் வருவான், அப்புறம் சனிக்கிழமை மத்தியானம்தான். நேர்ல கொண்டா. சாயந்தரம் அஞ்சு மணிக்குமேல எல்லாம் இங்க வரும்." அப்புறம் குரல் மாறியது. "தங்கச்சி, அந்த பாப்பாவுக்கு மட்டும் எப்படிக் கடுதாசி வந்துச்சு?"

"அவங்க அட்டைதான் முதல்ல இருந்துச்சு. அதான்."

"அந்தப் பிள்ளைதான் எல்லாருக்கும் அட்டை எழுதுச்சு. பள்ளிக்கூடத்துல பாரம் அஞ்சு வரைக்கும் படிச்ச பிள்ளை. என் கடை மேசையிலதான் உக்காந்து எழுதுச்சு, நான் பார்த்தேன். இப்ப எழுதுன ஆளுக்கு மட்டும் கடுதாசி வந்திருக்கு, மத்தவங்களுக்கு வரல. என்ன நினைப்பாங்க?"

பெட்ரீசியாவுக்குப் புரிந்தது.

"மத்த அட்டையெல்லாம் ஆத்துல போட்டுட்டான்னு ராக்காயி சொல்லுது. நேத்து கடுதாசி வந்ததிலேருந்து ஒருத்தரும் அதோட பேசறதில்ல. சீனி வாங்க வந்தா எல்லாம் நகர்ந்து நிக்குது. அது இன்னிக்கு அஞ்சு மணிக்கு வரும். கூப்பிடு."

ஐந்து மணிக்குக் கூப்பிட்டாள். இந்த முறை தாளில் எதுவும் எழுதவில்லை.

"நான் பாப்பா பேசறேங்க," என்றது ஒரு குரல். அதுவும் சின்னக் குரல்தான். இரண்டு சின்னக் குரல்கள் ஒன்றையொன்று கேட்க முயன்றதில் நேரம் போயிற்று.

"நான் எல்லாத்தையும் ஒரே கட்டாத்தாங்க தபால் பெட்டிக்குக் கொண்டுபோனேன். கட்டு உள்ள போகல. நூலப் பிரிச்சு நாலு நாலாப் போட்டேன். சாமி சத்தியமா."

"எனக்குத் தெரியும். எல்லாம் வந்துச்சு. என் மேசையிலதான் இருக்கு."

"அப்ப ஏன் அவங்களுக்கு வரல?"

"நான் எழுதின புரோகிராம்ல தப்பு. உங்க எல்லாரையும் ஒரே ஆளுன்னு நினைச்சுக்கிச்சு."

"எங்களையா?" என்றாள் பாப்பா. "ராக்காயிக்காவையும் என்னையுமா?"

"ஆமா."

முதன்முறையாக அந்தக் குரலில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. "நான் நேர்முகத்துக்குப் போகலங்க. கடுதாசியத் திருப்பி அனுப்பிடலாம்னு இருக்கேன். போனா, பார்த்தியா போயிட்டான்னு சொல்லுவாங்க."

"அனுப்பிடாதீங்க. வெள்ளிக்கிழமை நான் வாரேன். நானே அவங்ககிட்டச் சொல்றேன்."

தொலைபேசியை வைத்த பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. முப்பத்தேழு பேர் முன்னால் நின்று பேசுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் பள்ளியில் பரிசு வாங்கக்கூட மேடை ஏறியதில்லை. வயிற்றுவலி என்று வீட்டில் இருந்துகொண்டாள்.

வியாழக்கிழமை ஏழாவது துண்டைத் திறந்தாள். எட்டு வரியும் எவ்வளவு அழகாக இருந்தன என்று ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தள்ளு என்ற வரியை அழித்தாள். எண் ஒன்றாக இருந்தால் எல்லா வரியையும் திரையில் காட்டிவிட்டு, ஆள் ஒன்றா, வேறா என்று கேட்டுவிட்டு நிற்கும்படி மாற்றினாள். கணினி கேட்கும். உட்கார்ந்திருக்கிறவர் பதில் சொல்ல வேண்டும். நிரல் இருபத்தொரு வரியாக நீண்டது. அவ்வளவு அழகில்லை. ஆனால் திரைக்குள் அடங்கியது. அதே அட்டைகளை மறுபடியும் ஓட்டினாள். அலாமாட் ஒன்பதாவது மைலில் வந்து நின்று கேட்டது. இருளாயி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "வேற வேற ஆளு, வேற வேற ஆளு," என்று ராகம் போட்டு முப்பத்தேழு தடவை விசையைத் தட்டினாள். முப்பத்தேழு கடிதம் வந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெரியநாயகத்தின் டாட்சன் காடியில் கிளம்பினார்கள். இருளாயியும் வந்தாள். "நான் வராம எப்படி? நான்தானே அடிச்சேன்." பின்னிருக்கையில் கடிதங்களை மடியில் வைத்துக்கொண்டு பெட்ரீசியா உட்கார்ந்திருந்தாள். சுங்கை சிப்புட் தாண்டியதும் சுண்ணாம்பு மலைகள் பின்னால் போய்விட்டன. ஒரு பக்கம் ரப்பர் பால்மரம், மறுபக்கம் புதிதாக நட்ட செம்பனை.

"நான் பேசிக்கறேன், நீ கடுதாசியக் குடு," என்றார் பெரியநாயகம். "தபால்ல கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். சுருக்கமா முடிச்சுடலாம்."

அவள் மடியிலிருந்த கடிதங்களை மறுபடியும் எண்ணினாள்.

ஆ லெக் கடை முன்னால் ஏற்கனவே கூட்டம். பெண்கள் மட்டுமல்ல, புருஷன்மார், மாமியார்கள், சைக்கிளில் வந்தவர்கள். ஆ லெக் ஓர் எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டிருந்தார், பேசுகிறவர் ஏறி நிற்க. கூட்டத்துக்கு வெளியே, கடையின் அரிசி மூட்டைப் பக்கம், ரிப்பன் கட்டிய ஒல்லியான பெண் ஒருத்தி தனியே நின்றாள். அவளைச் சுற்றி மூன்று பேர் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. படத்தில் பார்த்த முகம்.

பெரியநாயகம் டப்பாவில் ஏறவில்லை. அது அவரைத் தாங்காது. கீழேயே நின்று கையைத் தூக்கினார். "எல்லாருக்கும் வணக்கம். உங்க கடுதாசி வரலன்னு கேள்விப்பட்டோம். இந்தத் தபால்ல பாருங்க, சில சமயம்..."

"அட்டையே போய்ச் சேர்ந்திருக்காது!" என்று ஒரு குரல் வெட்டியது. சண்டைக்காரப் படத்துக்காரி. ராக்காயி. "தபால்ல போட்டாத்தானே போய்ச் சேரும்!"

கூட்டம் அரிசி மூட்டைப் பக்கம் திரும்பியது. பாப்பா தரையைப் பார்த்தாள்.

தபால்மேல் பழியைப் போட்டால் அது எங்கே போய் விழும் என்று பெரியநாயகத்துக்குத் தெரியவில்லை. பெட்ரீசியாவுக்குத் தெரிந்தது. எப்போது டப்பாவில் ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. ஏறிவிட்டாள்.

"எல்லா அட்டையும் வந்துச்சு," என்றாள்.

"என்ன சொல்லுது அந்தப் பிள்ளை?"

"சத்தமாச் சொல்லும்மா!"

"எல்லா அட்டையும் வந்துச்சு! முப்பத்தெட்டும்! பாப்பா போட்டது எல்லாம் என் கைக்கு வந்துச்சு!" கத்தியதில் அவள் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "தப்பு என்னோடது. கம்ப்யூட்டர்ல நான் ஒரு விதி எழுதினேன். போன் நம்பர் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணுதான்னு எழுதிட்டேன். நீங்க எல்லாரும் இந்தக் கடை நம்பரப் போட்டிருந்தீங்க. அது உங்க எல்லாரையும் ஒரே ஆளாக்கி, முதல் அட்டைக்கு மட்டும் கடுதாசி போட்டுடுச்சு. பாப்பா ஒண்ணும் பண்ணல."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"ஏம்மா, இவங்க எல்லாரும் ஒரே ஆளுன்னா எனக்கு முப்பத்தெட்டு பொண்டாட்டியா?"

"ஒருத்திக்கே சோறு போடக் காணோம், வாயப் பாரு!" என்றாள் அவன் மனைவி. கூட்டம் உடைந்து சிரித்தது. ஆ லெக்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

ராக்காயி சிரிக்கவில்லை. டப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நிமிர்ந்து பார்த்தாள். "படிச்ச பிள்ளைதானே நீ? தோட்டத்துல வீட்டுக்கு வீடு போன் இருக்கும்னு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லல, அக்கா. நான் கேக்கல."

ராக்காயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "என் கடுதாசியக் குடு."

பெட்ரீசியா பெயர் வாசிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். நல்லம்மாள். முத்தம்மா. கருப்பம்மாள் வந்தபோது, பின்னால் நின்ற தொந்திக்கார உடையப்பனை அவளுக்கும் அடையாளம் தெரிந்தது. மங்களம் வாங்கிய கையோடு பெட்ரீசியாவின் தாவணி ஓரத்தில் இழை பிரிந்திருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போனாள். இருவர் வரவில்லை. ஒருத்தி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள், அவள் கடிதத்தை ஆ லெக் வாங்கி வைத்துக்கொண்டார். இன்னொருத்தியின் கடிதத்தை அவள் மாமியார் வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

கடைசிக் கடிதமும் போன பிறகு பெட்ரீசியா கீழே இறங்கினாள். ஆ லெக் ஒரு கண்ணாடிக் குவளையில் இனிப்பான சீராப் தண்ணீர் கொடுத்தார். பெரியநாயகம் பக்கத்தில் வந்து நின்று, "தபால் கதை உனக்குப் பிடிக்கலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அந்த கெர்ட்ரூட் அம்மாகிட்டயும் திங்கக்கிழமை இப்படியே சொல்லிடு. உனக்கு வருது."

கூட்டம் கலையவில்லை. கடிதம் முழுக்க மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என்ன கொண்டுபோக வேண்டும்? எத்தனை மணிக்கு? ஏற்றிப்போகிற லாரி எங்கே நிற்கும்? யாரோ இருளாயியிடம் நீட்டினார்கள். இருளாயி வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு அடிக்கத்தான் தெரியும்," என்று திருப்பிக் கொடுத்தாள். "அங்க கேளுங்க. மூணு நாளா கையில வச்சிருக்குற ஆளு அங்க நிக்குது."

எல்லோரும் அரிசி மூட்டைப் பக்கம் பார்த்தார்கள். பாப்பா தன் கடிதத்தை எடுக்கவே இல்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை. அந்த மூன்று நாளில் அவளோடு பேச அந்தக் கடிதம் ஒன்றுதான் இருந்தது. அது அவளுக்கு மனப்பாடம். பார்வையைத் தரையிலிருந்து எடுக்காமலே, ஒப்பிக்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"அடையாள அட்டை. பிறந்த சூரா பத்திரம். அதுக்கு ரெண்டு நகல். படம் ரெண்டு. கால மூடின சப்பாத்து போட்டுக்கணும், சிலிப்பர் கூடாது. வளையல் போடக் கூடாது. எட்டே முக்காலுக்கு வாசல்ல இருக்கணும்..."

முதலில் மங்களம் நகர்ந்து அவள் பக்கம் போனாள். பிறகு இரட்டை மூக்குத்தி கருப்பம்மாள். காலியாக இருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி, பாப்பாவின் ரிப்பன்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. குரல் மட்டும் வந்தது.

ராக்காயி ஆ லெக்கின் காதிலிருந்து பென்சிலை உருவிக்கொண்டு கூட்டத்தை முழங்கையால் விலக்கி உள்ளே நுழைந்தாள்.

"மெதுவாச் சொல்லுடி," என்றாள். "எழுதிக்க வேணாமா?"